ரயில்வே கார்டுக்கு வைத்த கிலுகிலுப்பை

அந்தக் கல்லில் உட்காராதீங்க, அதில் ஆள் இருக்கு. இப்படி வாங்க, இந்தத் திட்டில் உட்காருங்க. இது வெறும் திட்டுதான். தண்ணித் தொட்டி கட்ட ஆரம்பிச்சு பாதியில் விட்டுட்டாங்க. பையைக் கீழே வைக்க வேண்டாம், மழைக்கு அப்புறம் ஒரே கட்டெறும்பு. மடியிலேயே வெச்சுக்கங்க.

சுண்ணாம்பு இன்னும் காயலை, அதனாலதான் சொன்னேன். விடிஞ்சதும் வந்து அடிச்சேன். இன்னைக்குக் கல்லறைத் திருநாள் இல்லைங்களா? சுத்திப் பாருங்க, ஒவ்வொரு கல்லும் குளிச்சுப் பூ வெச்சு உட்கார்ந்திருக்கு. இது ஒண்ணு மட்டும் பாசி பிடிச்சுக் கிடந்தா நல்லாவா இருக்கும்? யாராவது வந்தா? வருவாங்கன்னு நான் சொல்லலை. வந்தா, அதுக்குத்தான்.

இல்லைங்க, எனக்கு இவர் சொந்தம் இல்லை. நான் வேதக்காரனும் இல்லை. பேர் பூபதி. கிரைண்டர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கிற வேலை. காலையில் ஒன்பது மணியிலிருந்து கோயம்புத்தூரே என்னைத் திட்டும். "மாவு பாதி அரைஞ்சு கிடக்குது, நீ போன்ல பாட்டு போடறியா?" ம்பாங்க. நான் "மன்னிச்சுக்கங்கம்மா" ம்பேன். என் குரல் இப்படித்தான், சின்னது. யார்கிட்டயும் கத்தினது இல்லை. இப்பவும் எனக்குக் கோபம் எல்லாம் இல்லைங்க. ஒரே ஒரு கேள்விதான். கூட நடந்தவனை விட்டுட்டு பஸ் ஏறிப் போகலாமா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க.

என்னவோ சொல்ல வந்தீங்க. சொல்லலாம், இருங்க. முதலில் இதைச் சொல்லி முடிச்சுடறேன். பாதியில் நிறுத்தினா மறந்துடும். மறக்காது, தைரியம் போயிடும்.

நாங்க மூணு பேர். ஞாயித்துக்கிழமை ஆனா நடப்போம். வினோபா, ரெஜினாக்கா, நான்.

வினோபாவுக்கு அந்தப் பேர் அவங்க அப்பா வெச்சது. நாற்றுப் பண்ணையில் வேலை. மரத்தைக் கண்டா நின்னுடுவான், பட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் நகருவான். அவன்தான் முதலில் சொன்னான், "டேய், இந்த ஊர்ல பெரிய மரம் பாக்கணும்னா செத்தவங்ககிட்டதான்டா போகணும். உயிரோட இருக்கறவன் காம்பவுண்டு கட்டறப்பவே வெட்டிப்போடறான்." நிஜம்தாங்க. ரேஸ்கோர்ஸ், வாலாங்குளத்துக் கரை, சிங்காநல்லூர் குளம், நாலஞ்சு பார்க்கு. அதோட நிழல் முடிஞ்சுது. அதுக்கப்புறம் நிழல்னா கல்லறைத் தோட்டம், கபர்ஸ்தான், மின்மயானத்துக்குப் பின்னால இருக்கிற புங்கந்தோப்பு. அஞ்சு வருஷமா ஒண்ணு விடாமப் போயிருக்கோம். எல்லாம் நடைதான். அது எங்க சட்டம். பஸ் கிடையாது, வண்டி கிடையாது. நான்தான் போட்டேன் அந்தச் சட்டம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, அப்புறம் வரும்.

ரெஜினாக்கா இதே ஊரில், ராமநாதபுரம் ஏரியாவில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவங்க. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்காரர் தவறிட்டார், மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்திருக்கு. வாலாங்குளத்துக் கரையில் நானும் வினோபாவும் ஒரு நீர்மருது மரத்தடியில் சண்டை போட்டுட்டு இருந்தப்ப, "ஏங்கண்ணு, காலங்காத்தால மரத்துக்காக அடிச்சுக்கறீங்க, ரெண்டு பேரும் சாப்டீங்களா?" ன்னு கேட்டாங்க. அன்னைக்குச் சேர்ந்தவங்கதான். வாராவாரம் ஒரு டப்பாவில் இட்லி கொண்டு வருவாங்க. எனக்குத் தனியா கொத்தமல்லி போடாத சட்னி. கொத்தமல்லி எனக்கு ஆகாது. அதை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

கூட்டத்தில் என் வேலை கதை சொல்றது. கல்லில் பேரும் வருஷமும்தானே இருக்கும்? மீதியை நான் சொல்வேன். வெள்ளைக்காரங்க பகுதியில் பத்தொன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. மேட்டுப்பாளையம் பக்கம் புலி அடிச்சு செத்தவள்னு சொன்னேன். கல்லில் இருந்த இங்கிலீஷை வினோபா குனிஞ்சு படிச்சுட்டு, "டேய், காய்ச்சல்னு போட்டிருக்குதுடா" ன்னான். ரெஜினாக்கா, "உடு வினோபா. புலின்னா அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கௌரவமா இருக்குதல்ல?" ன்னாங்க. அப்படிப்பட்டவங்கதான். என் பக்கம் நிக்கிறவங்கதான். அப்படிப்பட்டவங்கதான் பின்னால என்னை விட்டுட்டாங்க.

அவங்க சும்மா நடக்க வரலைங்க. அது எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் சின்னக் கல்லா பார்த்து நின்னுடுவாங்க. குழந்தைக் கல். வருஷத்தைப் பார்ப்பாங்க, நகருவாங்க. ஒரு நாள் நான் கேட்டேன்.

தொண்ணூத்தஞ்சில் அவங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். ஒரு ராத்திரிதான் இருந்தான். இவங்களுக்கு ஜன்னி வந்து ஒன்பது நாள் நினைப்பே இல்லை. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் துண்டில் சுத்தி எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிட்டு வந்துட்டாங்க. எங்கேன்னு கேட்டா, "முடிஞ்சு போச்சு, கேக்காத" ன்னுட்டார். கேட்டா அழுவார்னு இவங்களும் கேட்கலை. அப்புறம் தம்பி போனார், அவரும் போயிட்டார். ஊரில் எந்தத் தோட்டம்னுகூடத் தெரியாது. ஒரு மாதாகோயில் ஆபீசில் போய்க் கேட்டிருக்காங்க. அங்கே இருந்தவர், "பேர் சொல்லுங்கம்மா, பார்க்கிறேன்" ன்னாராம். "பேர் வெக்கலீங்களே" ன்னு திரும்பி வந்துட்டாங்களாம். அதுக்கப்புறம் எந்த ஆபீசுக்கும் போகலை. நடந்தே தேடினாங்க.

எனக்கு இருபத்தொன்பது. அவன் இருந்தா முப்பது. எல்லாரும் சொல்வாங்க இல்லைங்களா, "இருந்திருந்தா உன்னாட்டம் இருப்பான்" னு? அவங்க ஒரு தடவைகூட அப்படிச் சொன்னது இல்லை. நான் அதுக்காகக் காத்துட்டு இருந்தேன்னு இல்லை. சொல்லலைன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஐப்பசி மழை. இதே தோட்டம்தான். சுத்திட்டு வந்து இதோ இந்தத் திட்டில்தான் உட்கார்ந்தாங்க. நீங்க உட்கார்ந்திருக்கிற அதே இடம். முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டு, "எல்லாத் தோட்டமும் பாத்தாச்சு கண்ணு. இனி எங்கயும் இல்ல. அடுத்த வாரத்திலிருந்து நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வர்ல" ன்னாங்க.

வினோபா அந்தக் கோடியில் ஏதோ கொடியைப் பார்த்துட்டு நின்னான். என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. என்னங்க பண்றது? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

இந்தக் கல் அப்ப மூணடிதான் வெளியே தெரியும். பேர் கிடையாது, எழுத்து கிடையாது. தலைமாட்டில் மண்மேடு, அதில் ஒரு அரசங்கன்று. சின்னக் கல். பார்த்தா எனக்குக் குழந்தைக் கல்லாத்தான் தோணுச்சு. தோணினதைச் சொல்றது பொய்யா?

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" ன்னேன். "சவரியண்ணன் சாகறதுக்கு முன்னால என்கிட்டச் சொன்னார். உங்க பையன் இதுதான்."

சவரியண்ணன் இங்கே குழி வெட்டினவர். அதுக்கு முந்தின மாசம்தான் போயிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தா நிறையப் பேசுவார். கேட்டிருந்தா கட்டாயம் சொல்லியிருப்பாருங்க. நான் கேட்கறதுக்குள்ள போயிட்டார். அது அவர் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை.

அக்கா என்னையே பார்த்தாங்க. பார்த்துட்டே இருந்தாங்க. எனக்கு வாய் நிக்கலை. "அன்னைக்கு மழையாம். தம்பி குடை பிடிச்சாராம். உங்க வீட்டுக்காரர் மஞ்சள் சட்டை போட்டிருந்தாராம். குழியில் வெச்சுட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டாராம்" னேன். மஞ்சள் சட்டை எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. தானா வந்துச்சு. அப்ப அக்கா சொன்னாங்க, "ஆமா. அவருகிட்ட ஒரு மஞ்சச் சட்டை இருந்துச்சு."

பார்த்தீங்களா? பொய்யா இருந்தா அது எப்படிப் பொருந்தும்? எனக்கே அன்னைக்கு ராத்திரி சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை சவரியண்ணன் நிஜமாவே சொல்லியிருப்பாரோன்னு.

அதுக்கப்புறம் ரெண்டு கல்லறைத் திருநாள் இங்கேதான். நான் சுண்ணாம்பு அடிப்பேன், அவங்க பூ வைப்பாங்க, மெழுகுவத்தி ஏத்துவாங்க. முதல் வருஷம் ஒரு கிலுகிலுப்பை வாங்கிட்டு வந்து வெச்சாங்க. பச்சையும் சிவப்பும், பிளாஸ்டிக்கு. மழையில் கிடந்தா வீணாப் போயிடும்னு நான் ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து வைப்பேன். இதோ, இன்னைக்கும் பையில் இருக்கு. அவங்க நடக்கிறதையும் நிறுத்தலை. முன்னைவிட நல்லா நடந்தாங்க. சின்னக் கல்லைப் பார்த்தா நிக்கிறதில்லை. வினோபாகிட்ட மரத்துப் பேர் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பிச்சாங்க. நல்லாத்தானே இருந்தோம்? மூணு பேரும் நல்லாத்தானே இருந்தோம்?

இருங்க, இருங்க. பையை ஏன் திறக்கறீங்க? போக நேரமாச்சா? இன்னும் கொஞ்சம்தான். இனிமேதான் அந்த ஆள் பண்ணினது வருது.

போன பங்குனியில் வினோபா சொன்னான், "இந்த அரசங்கன்றை விட்டா கல்லைப் பொளந்துடும்டா. எடுத்துடறேன்." மரத்தை எடுக்கச் சொல்லி வினோபா வாயில் வருதுன்னா நான் அப்பவே யோசிச்சிருக்கணும். நான் வேலைக்குப் போன ஒரு நாள், தனியா வந்து வேரோடு எடுத்திருக்கான். மண்மேடு சரிஞ்சிருக்கு. கல் உள்ளே போயிட்டே இருக்கு. மூணடி இல்லைங்க, ஆறடிக்கு மேல. தலைமாட்டில் எழுத்து. 'ஞானமுத்து, ரெயில்வே கார்டு, வயது 61.' ஆமாங்க. சிரிக்கணும்னா சிரிங்க. கொடி காட்டி ரயில் விட்டவர். அவருக்கு நாங்க ரெண்டு வருஷமா கிலுகிலுப்பை வெச்சிருக்கோம்.

என்ன பண்ணினான் தெரியுங்களா? மண்ணை மறுபடி இழுத்து மூடிட்டான். மேல ரெண்டு துளசிச் செடி நட்டு வெச்சான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. மூணு மாசம்! மூணு மாசம் என் கூடவே நடந்தான், என் கதையைக் கேட்டான், இட்லியில் பங்கு கேட்டான். ஒரு வார்த்தை? "டேய் பூபதி, நீ சொன்னது தப்பு" ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் மனுஷனா மதிச்சிருப்பேன். அதை விட்டுட்டு ரிஜிஸ்டரைத் தேடிப் போயிருக்கான். கதை சொன்னவன் பக்கத்தில் இருக்கிறப்ப ரிஜிஸ்டரைப் போய்க் கேட்கிறவன் எப்படிப்பட்டவன்?

பேரை வெச்சுத் தேடலை, தேதியை வெச்சுத் தேடியிருக்கான். ஒவ்வொரு கோயில் ஆபீசா, லீவு போட்டுட்டு. பழைய நோட்டுகளைத் தூசி தட்டி ஒவ்வொரு பக்கமா. மூணாவது ஆபீசில் கிடைச்சிருக்கு. 'ஆண் சிசு. வயது ஒரு நாள். தகப்பன் அருளப்பன்.' அருளப்பன்தான் அக்கா வீட்டுக்காரர். இடமும் போட்டிருக்கு. இதே தோட்டம்தாங்க! தோட்டத்தை நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன், அதை யாருமே பேசமாட்டேங்கறாங்க. ஆனா இந்தப் பக்கம் இல்லை. வடமேற்கு மூலை, குழந்தைங்களுக்குன்னு விட்ட இடம்.

வடமேற்கு மூலை எங்கேன்னு பார்க்கறீங்களா? இப்ப இல்லைங்க. ரோடு அகலப்படுத்தினப்ப அந்த மூலை போச்சு. ரோட்டுக்குப் போனது போக மிச்சத்தில் மதில் எழுப்பி, மதிலுக்கு அந்தப் பக்கம் பார்க்கு போட்டாங்க. அந்தக் குட்டி பார்க்குதான். ஊஞ்சல், சறுக்குமரம், நாலு பெஞ்சு, ஒரு தூங்குமூஞ்சி மரம். இந்தத் தோட்டத்துக்கு வர்றப்ப எல்லாம் அங்கே உட்கார்ந்துதாங்க இட்லி சாப்பிடுவோம்.

அக்காகிட்ட மட்டும் போய்ச் சொல்லியிருக்கான். நோட்டைக் கண்ணால பார்க்கணும்னு அவங்க கேட்டிருக்காங்க. ஒரு செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் போயிருக்காங்க. பஸ்ஸில்! நடக்கிறவங்க, அஞ்சு வருஷம் என்கூட ஊர் முழுக்க நடந்தவங்க, என்னை விட்டுட்டு டவுன் பஸ் ஏறிப் போயிருக்காங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. மத்தது எல்லாம் பரவாயில்லை.

எனக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது. ஆறு மணிக்கு வந்து இந்தக் கேட்டில் நிக்கிறேன், ஆளைக் காணோம். பார்க்கில் எட்டிப் பார்த்தா, அக்கா சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்காங்க. பெஞ்சில் இல்லை, தரையில். வினோபா கொஞ்சம் தள்ளி நின்னு இலையைப் பொறுக்கிட்டு இருக்கான்.

"வா கண்ணு. செருப்பைக் கழட்டிட்டு வா" ன்னாங்க அக்கா.

எதுக்குன்னு கேட்டேன். சொன்னாங்க. மெதுவா, ஒண்ணு ஒண்ணா, கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி சொன்னாங்க. ஒரு வாண்டு சறுக்குமரத்திலிருந்து வழுக்கிட்டு வந்து அவங்க காலடியில் விழுந்துச்சு. தூக்கி விட்டு, மண்ணைத் தட்டி, "போ, இன்னொருக்கா வா" ன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "பாரு பூபதி, அவன் மேல எத்தன பிள்ளைக வெளையாடுதுக" ன்னாங்க. சிரிச்சாங்க. சிரிச்சாங்கங்க!

அப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "அப்ப அந்த மஞ்சள் சட்டை?"

"அவருகிட்ட மஞ்சச் சட்டையே இல்ல கண்ணு. மஞ்சள்னாலே அவருக்கு ஆகாது. எங்கம்மா எடுத்துக் குடுத்ததைக்கூடத் தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு."

"அன்னைக்கு இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிட்டு இருந்தே. மொகமெல்லாம் வேர்த்து, அந்த மழையில. அதைப் பாத்துட்டு இல்லைன்னு எப்படிச் சொல்றது?" ன்னாங்க. "எனக்கும் எங்கியாச்சும் ஒரு எடத்துல மெழுகுவத்தி ஏத்தணும்னு இருந்துச்சு. கல்லு என்ன, வேண்டாம்னா சொல்லப் போகுது?"

வினோபா அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டான். "டேய், உன்னைய யாரும் தப்பா நினைக்கலைடா" ன்னான் மரத்தைப் பார்த்துட்டு.

யாரும் தப்பா நினைக்கலையாம்! கேட்டுக்கங்க. நான் என்ன தப்பு பண்ணினேன், இவங்க நினைக்காம இருக்க? முதல் நாளே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷம் நான் சுண்ணாம்பு அடிக்கிறதைப் பார்த்துட்டு இருந்திருக்காங்க. கிலுகிலுப்பையை நான் துடைச்சு துடைச்சு வெச்சதைப் பார்த்துட்டு இருந்திருக்காங்க. அப்ப யாருங்க யாரை ஏமாத்தினது? நான் ஒரு நாள் ஏமாத்தினேன். அவங்க ரெண்டு வருஷம் ஏமாத்தினாங்க. நீங்களே கணக்குப் போடுங்க.

நான் கத்தலை. செருப்பைக் கையில் எடுத்துட்டே கேட் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் நான் தனி. ஞாயித்துக்கிழமை ஆனா தனியாத்தான் நடக்கிறேன். தனியா நடந்தா சீக்கிரம் முடிஞ்சுடுது, அது ஒண்ணுதான். கல்லைப் பார்ப்பேன், கதை வரும், திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டாங்க. வினோபா பதினேழு தடவை போன் பண்ணினான். போன் எடுக்கிறதுதான் என் வேலை, அவன் போனை எடுக்கலை. அக்கா ஞாயித்துக்கிழமை தவறாம குரலில் பேசி அனுப்புவாங்க. ஒரே வார்த்தைதான். "சாப்டியா கண்ணு?" அதுக்கு என்ன பதில் போடறது? சாப்பிட்டேன்னா பொய். சாப்பிடலைன்னா வருத்தப்படுவாங்க. அதனால பதில் போடலை.

இவரையும் சும்மா விட மனசு வரலைங்க. ஞானமுத்து ஐயாவை. ரெண்டு வருஷம் பூவும் மெழுகுவத்தியுமா இருந்தார். திடீர்னு ஒருத்தரும் வரலைன்னா அவர் என்ன நினைப்பார்? அதனால நானே மண்ணை எல்லாம் எடுத்து, எழுத்தைத் தேய்ச்சு, இன்னைக்கு ஆறடிக்கும் சுண்ணாம்பு அடிச்சேன். துளசியை ஓரமா நட்டுட்டேன். கோபம் எல்லாம் இல்லைங்க. ரெண்டு வருஷம் நின்ன இடம் இல்லையா, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போகக் கூடாதா? அங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? காலையிலிருந்து கேட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்கதான் வந்தீங்க.

ஆமா, நீங்க யாருன்னு நான் கேட்கவே இல்லை பாருங்க. பூவும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. இங்கே யாரைப் பார்க்க வந்தீங்க?

என்ன?

எனக்கா?

யார் கொடுத்தாங்க?

இருங்க, மறுபடி சொல்லுங்க. பார்க்கில். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில். விளையாட வந்த பிள்ளைங்களுக்கு எல்லாம் கேக்கு கொடுத்துட்டு இருந்த ஒரு அம்மா. "உள்ள ஒரு தம்பி சுண்ணாம்பு அடிச்சுட்டு உக்காந்திருப்பான், சின்னக் குரல்ல பேசுவான், அவன்கிட்டக் குடுத்துடுங்க." சுண்ணாம்புன்னா சொன்னாங்க? நான் சுண்ணாம்பு அடிப்பேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதை ஏங்க வந்ததும் சொல்லலை? சொல்ல வந்தீங்க. ஆமா, வந்தீங்க. நான்தான் விடலை.

இந்த டப்பாதான். மூடியில் நெளிவு இருக்கு பாருங்க, சிங்காநல்லூர் குளத்தில் நான் கீழே போட்டது. இட்லி. நாலு. சட்னி... வெள்ளைச் சட்னி. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை.

ஆறிப்போச்சு. அவங்க சூடாத்தான் கொடுத்திருப்பாங்க. நான் பேசிட்டே இருந்துட்டேன்.

வேற எதாவது சொன்னாங்களா? வரச் சொன்னாங்களா? இல்லை. வர வேண்டாம்னு? அதுவும் இல்லை. "சாப்பிடறானான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" ன்னாங்களா? அதான் நீங்க இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்களா? நான் என் கதையைக் கேட்கத்தான்னு நினைச்சேன்.

நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க. எடுத்துக்கங்க, எனக்கு மூணு போதும்.

நல்லாத்தான் இருக்கு. ஆறினாலும் நல்லாத்தான் இருக்கு.

இல்லைங்க, கண்ணில் சுண்ணாம்பு. காலையிலிருந்தே உறுத்துது.

அந்தக் குழாய்த் தண்ணியில் இதைக் கழுவிட்டு வந்துடறேன். நீங்க திருப்பிக் கொண்டு போக வேண்டாம். நானே கொடுத்துக்கறேன். அவங்க டப்பா, அவங்ககிட்டக் கொடுக்கணும் இல்லைங்களா? அதுக்குத்தான், வேற ஒண்ணும் இல்லை. கொடுத்துட்டு வந்துடுவேன்.

ஆனா வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுங்க. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுசா அனுப்பக் கூடாது, எதாவது போட்டுத்தான் கொடுக்கணும். என்கிட்ட என்ன இருக்கு? பூவும் மெழுகுவத்தியும் கார்டு ஐயாவுக்கு வாங்கினது. ஐயாவுக்கு வாங்கினதை எடுக்கக் கூடாது.

இந்தக் கிலுகிலுப்பை இருக்கு. அறுபத்தொரு வயசுக்காரருக்கு இது எதுக்கு? அவருக்கு ஒரு பச்சைக் கொடி போதும்.

மூடி கொஞ்சம் இறுகலா இருக்கு, நெளிவு இல்லையா. அழுத்தினா சரியாயிடும். அவ்வளவுதான். நடக்கிறப்ப சத்தம் வரும். வரட்டும். நான் கூப்பிட்டா என் குரல் அங்கே வரைக்கும் கேட்காது.

பார்க்குக் கேட்டைத் தாண்டினதும் செருப்பைக் கழட்டணும், ஞாபகப்படுத்துங்க.